பெட்டிக்குள் இருந்த அப்பா

என் தங்கை முதன்முதலில் 'அப்பா' என்று கூப்பிட்டது ஒரு டேப் ரிக்கார்டரை.

அப்பா கப்பலில் வேலை பார்த்தார். தங்கை தவழத் தொடங்கும் முன்பே கிளம்பிப் போய்விட்டார். சிங்கப்பூரில் வாங்கிய அந்தப் பெட்டியை, தூத்துக்குடிக்குத் திரும்பிய கூட்டாளி ஒருவரிடம் கொடுத்தனுப்பியிருந்தார். கூடவே ஒரு கேசட். அதில் எங்களையெல்லாம் விசாரித்துவிட்டு, செபமாலை சொல்லியிருந்தார். எழுபதுகளின் கடைசி அது. எங்கள் தெருவுக்கு அப்படியொரு பெட்டி அதுவரை வந்ததில்லை.

சாயங்காலம் கோயில் மணி அடித்ததும் அம்மா பெட்டியை மாதா சுரூபத்துக்குக் கீழே வைத்துப் பொத்தானை அமுக்குவாள். மந்திரத்தின் முதல் பாதியை உள்ளேயிருந்து அப்பா சொல்ல, மறுபாதியை நாங்கள் சொல்வோம். நடுவில் அப்பா ஒரு தடவை இருமுவார். தங்கையும் தவறாமல் இருமுவாள். செபம் முடிந்ததும் பெரியவர்களிடம் நெற்றியில் சிலுவை வாங்குவது எங்கள் வழக்கம். அவள் நேரே போய்ப் பெட்டியில் நெற்றியை முட்டுவாள். தெருவே வந்து பார்த்துச் சிரித்தது.

அப்பா வந்தபோது அவள் நன்றாக ஓடத் தொடங்கியிருந்தாள். வாசலிலேயே சூட்கேஸைப் போட்டுவிட்டு அவளை அள்ளப் போனார்.

"ஏளா, அப்பா வந்துருக்கேம்லா, வா."

குரலைக் கேட்டதும் அவள் முகம் மலர்ந்தது. அது அந்த மீசைக்காரர் வாயிலிருந்து வருவதைப் பார்த்ததும் வீறிட்டாள். உள்ளே ஓடிப் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அப்பாவும் சிரித்தார்.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "உங்க சத்தம் பிள்ளைக்கு மறந்துறக் கூடாதேன்னுதான் தெனமும் போட்டேன்" என்றாள்.

அன்று சாயங்காலம் அப்பாவே செபமாலையைத் தொடங்கினார். தங்கை பெட்டியைக் காட்டிக் காட்டி அழுதாள். கடைசியில், "போடு, பரவாயில்ல" என்றார். பெட்டிக்குள் இருந்த அப்பா சொல்லச் சொல்ல, வீட்டுக்கு வந்திருந்த அப்பா எங்களோடு முழந்தாளிட்டு மறுபாதியைச் சொன்னார். முடிந்ததும் தங்கை வழக்கம்போல் நெற்றியை முட்டினாள். அப்பா பெட்டிக்குப் பின்னாலிருந்து கையை நீட்டி, விரலால் சிலுவை போட்டார். அவள் அழவில்லை.

அந்த விரலோடுதான் முதலில் பழகினாள். லீவு முடிகிற சமயத்தில் அவர் தோளைவிட்டு இறங்க மறுத்தாள்.

கிளம்பும் முன் அம்மா புதுக் கேசட்டை எடுத்து வைத்து, "எதாவது பேசி வச்சிட்டுப் போங்க" என்றாள்.

"நான் பேசல. அவ பேசட்டும்" என்றார் அப்பா.

அவளை மடியில் வைத்துக்கொண்டு பொத்தானை அமுக்கினார். அவள் மந்திரத்தைத் தப்பும் தவறுமாகச் சொன்னாள், காக்காயைக் கூப்பிட்டாள், மூக்கை உறிஞ்சினாள். அப்பா அந்தக் கேசட்டையும் பெட்டியையும் சூட்கேஸுக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒரு பாட்டுகூட இல்லாத அதை வைத்துக்கொண்டு நடுக்கடலில் இவர் என்னதான் செய்யப் போகிறார் என்று விளங்கவேயில்லை. ரயிலடி வரைக்கும் அவரோடு பேசாமலே நடந்தேன்.