கேதம் சொல்லப் போனவன்

எங்கள் பக்கம் கேதத்தைப் போனில் சொல்ல மாட்டார்கள். ஆள் போய், வாசலில் நின்று, வாயால் சொல்ல வேண்டும். மாமனார் விடியற்காலையில் இறந்தபோது, லுணுகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கட்டிக்கொடுத்திருந்த கொழுந்தியாளுக்குச் சொல்லி, கையோடு அழைத்து வரும் வேலை மூத்த மருமகனான எனக்கு வந்தது. நான் தோட்டத்து ஆபீசில் கிளாக்கர். வயது முப்பத்தாறு. விளையாட்டுப் பிள்ளை இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

பதுளையில் பஸ் மாற வேண்டும். ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் ஒரு நெட் கஃபே. ஒரு வருஷமாக என் சாயங்காலங்கள் எல்லாம் அங்கேதான் போயின. அங்கே ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டில் எனக்கென்று ஓர் ஊர் இருந்தது. மதில், களஞ்சியம், படை எல்லாம் உண்டு. உலகத்தில் எங்கெங்கோ இருந்த நாற்பது பேர், முகம் தெரியாதவர்கள், நான் சொன்னதைக் கேட்டார்கள். ஆபீசில் பியோன்கூட நான் சொன்னால் கேட்க மாட்டான்.

அன்றைக்கு என் ஊர்மேல் படையெடுப்பு வரும் என்று முந்தின நாளே செய்தி வந்திருந்தது. பஸ் கிளம்ப அரை மணி இருந்தது. பத்து நிமிஷம் பார்த்துவிட்டு வரலாம் என்று மாடி ஏறினேன். இறங்கியபோது மணி மூன்றரை. கொழுந்தியாள் தோட்டத்துக்குப் போகும் கடைசி பஸ்ஸும் போய்விட்டது. நடுவில் பசித்ததா, மாமனாரை நினைத்தேனா, ஒன்றும் ஞாபகமில்லை. பயந்துபோய், மறுநாள் முதல் பஸ்ஸில் போகும் கண்டக்டரைத் தேடிப் பிடித்து கேதத்தைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து, "சொல்லியாச்சு. காலையில வந்துருவா" என்றேன். என் சம்சாரம் நம்பினாள்.

மறுநாள் பன்னிரண்டு மணிக்கு அடக்கம் என்று பேச்சு. "சின்னவ வரட்டும். அவ மொகம் பார்க்காம மூட வேணாம்" என்று சம்சாரம் பெட்டியைப் பிடித்துக்கொண்டாள். மழை இருட்டிக்கொண்டு வந்தது. ஜெபம் சொல்ல வந்திருந்த கோயில் உபதேசியார் கடிகாரத்தைப் பார்த்தார். துண்டு போய்ச் சேர்ந்து அவள் கிளம்பி வர நாலு மணியாவது ஆகும் என்று அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். "நாலு மணி வரைக்கும் பொறுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. வெட்கமா, பயமா? பெட்டியின் தலைமாட்டில் நின்றுகொண்டு, வடக்கு மதிலை இன்னும் கொஞ்சம் உயர்த்தியிருக்கலாமே என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அப்படியும் ஒரு மனுஷன் இருப்பானா? இருந்தானே. அது வியாதியா, கொழுப்பா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

இரண்டு மணிக்கு மூடினார்கள்.

கொழுந்தியாள் வந்தபோது குழிமேட்டு மண் இன்னும் ஈரமாக இருந்தது. அவள் கையில் என் துண்டு. சம்சாரம் அதை வாங்கிக் கையெழுத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அதை மடித்துத் தங்கச்சி கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். சின்னவளாவது திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அத்தான், அப்பா மொகம் எப்படிங்க இருந்துச்சு? நீங்க கிட்டத்துலயே நின்னீங்களாமே."

யோசித்துப் பார்த்தேன். மதில் ஞாபகம் வந்தது, அதன் நாலு மூலையும் வந்தது. அவர் முகம் வரவில்லை.

"தூங்குற மாதிரி இருந்துச்சு" என்றேன்.

அவளும் நம்பினாள்.