சேவலுக்கு முதல் சிரட்டை

அரிசி விலை ஏறிக் கிடந்த காலம் அது. மனிதருக்கே கஞ்சி தண்ணீராகிப்போன, தோட்டத்துக் கூலிகள் குடியிருக்கும் லயத்தில், கோழிக்கு யார் நொய் போடுவது? என் வீட்டுக்காரர் தோட்டத்து மாட்டு வண்டியில் ரப்பர் ஷீட் ஏற்றிக்கொண்டு ஈப்போ பட்டணத்துக்குப் போய்வருபவர். அங்கே பழம் பதப்படுத்தி விற்கும் சீன முதலாளி, தவுக்கே ஒருவர், அன்னாசித் தோலைக் கடைக்குப் பின்னால் குவித்துப் போட்டிருப்பதைக் கண்டு, ஒரு சாக்கு அள்ளி வந்தார். அதைப் பொடியாக நறுக்கிக் காயவைத்து, தவிட்டோடு பிசைந்து போட்டேன். கோழிகள் அடித்துப் பிடித்துத் தின்றன. குப்பை தின்ற கோழியின் முட்டையா என்று மூக்கைச் சுளித்த பக்கத்து வீட்டுக்காரியே, கொஞ்ச நாளில் தனக்கும் தோல் வேண்டுமென்று சாக்கோடு வந்து நின்றாள்.

அந்தக் கோழிகளில் ஒன்று மட்டும் எங்களுடையது அல்ல. என் மகள் காய்ச்சலில் கண் செருகிக் கிடந்தபோது, பிள்ளை பிழைத்தால் தருகிறேன் என்று முனீஸ்வரருக்கு நேர்ந்துவிட்ட செஞ்சேவல் அது. மகள் எழுந்து நடமாடிவிட்டாள், பூசைதான் பாக்கி. சாமி சொத்தாயிற்றே, எவனும் தூக்கிப்போகாமல் வாசல் தூணில் கட்டிவைத்திருந்தேன். தீனி பிசைந்தால் முதல் சிரட்டை அதற்குத்தான். மிச்சம்தான் மற்றவற்றுக்கு.

பூசைக்கு முந்தின நாள் சாயங்காலம் அவர் கொண்டுவந்த சாக்கில் மாங்காய்த் தோல் இருந்தது. கடை அதே கடைதான். சேவலுக்குச் சிரட்டை நிறைய வைத்துவிட்டு, மீதியில் தவிட்டைக் கலந்து மற்றவற்றுக்கு இறைத்தேன்.

விடியலில் கதவைத் திறந்தால், சேவல் கால் விறைத்துக் கிடக்கிறது. அதன் தண்ணீர்ச் சட்டி ஒரு பொட்டு ஈரமில்லாமல் கவிழ்ந்து கிடந்தது. சிரட்டையில் ஒட்டியிருந்த தோலை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு. அப்படியொரு கரிப்பு.

"ஊறுகாய் ஜாடியில கெடந்த தோலு புள்ள. அன்னாசி முடிஞ்சிருச்சின்னு இதக் குடுத்தான். தோலு தானேன்னு நானும் அள்ளிட்டு வந்துட்டேன்" என்றார் அவர்.

அவிழ்ந்து திரிந்த கோழிகளெல்லாம் கால்வாயில் தண்ணீர் குடித்துப் பிழைத்துக்கொண்டன. நான் பொத்திப் பொத்திக் கட்டிவைத்தது மட்டும் செத்துப்போயிருந்தது.

செத்த சேவலைத் தாண்டி உள்ளே ஓடினேன். கொடுத்த பிள்ளையைச் சாமி திருப்பிக் கேட்குமோ என்ற பயம். மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். நெற்றியில் கை வைத்தேன். குளிர்ந்துதான் இருந்தது. நம்பாமல் மறு கையையும் வைத்தேன். வெளியே ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு மணி அடித்தது. நேரமாகிறது என்று அவர் வாசலில் நின்று கூப்பிட்டார். என்னால் கையை எடுக்க முடியவில்லை.