போட்ஹவுஸ் காலனிக்குத் தண்ணீர் வந்த நாள்

காரைக்குடியிலிருந்து வரும் பஸ்ஸில் எங்கள் காலனிக்கு டிக்கெட் எடுக்க வேண்டுமானால் இன்றைக்கும் "போட்ஹவுஸ்" என்றுதான் கேட்க வேண்டும். இறங்கிப் பார்த்தால் கரையில் போட்டும் இருக்காது, முக்கால்வாசி வருஷம் கண்மாயில் தண்ணீரும் இருக்காது. எப்போதாவது வெளியூர்க்காரர்கள் கேமராவும் கையுமாக இறங்கி, காய்ந்த கண்மாயில் மேயும் மாடுகளைப் பார்த்துவிட்டு, நாங்கள்தான் தண்ணீரை ஒளித்து வைத்துவிட்டதுபோல் எங்களை முறைப்பார்கள்.

பினாங்கிலிருந்து திரும்பிய செட்டியார் ஒருவர் செய்த வேலை அது. கானாடுகாத்தானில் அரண்மனை மாதிரியான செட்டிநாட்டு வீடுகளைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் பார்த்து முடித்ததும் எங்கே போவார்கள் என்று யோசித்தவர், கண்மாய்க் கரையிலிருந்த தன் நிலத்தில் பூங்கா போட்டார். தங்குவதற்கு ஓட்டு வீடுகள், ஐஸ்கிரீம் கடை, காலால் மிதித்து ஓட்டும் அன்னப் படகுகள். எல்லாம் ஜோராகத்தான் ஆரம்பித்தது. மழைதான் அவர் பேச்சைக் கேட்கவில்லை. தண்ணீர் இல்லாத கண்மாயில் அன்னம் என்ன செய்யும்? பூங்காவை மூடும்போது, பூட்டிப் போட்டால் வீடு இடிந்துபோகும், ஆள் இருந்தால் நிற்கும் என்று சொல்லி, அங்கே வேலை பார்த்தவர்களுக்கே ஆளுக்கொரு வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். தச்சு வேலைக்கு வந்த அப்பாவுக்கும் ஒன்று கிடைத்தது. மகராசன், எங்கே இருந்தாலும் நல்லா இருக்கணும். அவருடைய நஷ்டத்தில்தான் நாங்கள் குடியிருக்கிறோம்.

படகுகளும் வீட்டுக்கு வீடு போயின. ஒன்றில் கோழி அடைந்தது, இன்னொன்றில் வைக்கோல் அடைத்தார்கள். எங்கள் வீட்டுக்கு வந்ததை மட்டும் சித்தப்பா யாரையும் தொட விடவில்லை. பூங்காவில் படகுகளைப் பார்த்துக்கொண்டவர் அவர். மூடிய பிறகு பெயின்ட் வேலைக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமையானால் தார்ப்பாயை விலக்கி, பெடலுக்கு கிரீஸ் வைத்துக்கொண்டிருப்பார். விறகு வைக்க இடமில்லை, வாசலை அடைத்துக்கொண்டு ஒரு வாத்து என்று அம்மா கரித்துக் கொட்டுவாள். வாத்து இல்லை மதினி, அன்னம் என்பார். நானும் என் பங்குக்கு, எப்போது ஏற்றிக்கொண்டு போவீர்கள் என்று பிடுங்கி எடுப்பேன். தண்ணீர் வரட்டும் என்பார்.

எனக்கு ஆறு வயதிருக்கும்போது வந்தது. ஐப்பசி மழை விடாமல் அடித்து, மேலே உள்ள கண்மாய்களெல்லாம் நிரம்பி வழிந்து, ஒரு நாள் காலையில் எங்கள் தரைப்பாலம் தண்ணீருக்குள் போய்விட்டது. அன்றைக்கென்று பார்த்து அம்மாவுக்கு வலி கண்டது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, வலி வந்தால் ஒரு நிமிஷம்கூட வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தாராம். கூப்பிட்ட 108 வண்டி பாலத்தைத் தாண்ட முடியாமல், மெயின் ரோட்டை ஒட்டிய எதிர்க்கரையில் வந்து நின்றது. இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அன்று எனக்குத் தெரிந்தது, சித்தப்பா தார்ப்பாயை உருவி எறிந்ததும், அப்பாவோடு சேர்ந்து படகைத் தண்ணீரில் தள்ளி இறக்கியதும் மட்டும்தான்.

"பயப்படாதீக மதினி. இங்குட்டு கால வச்சு ஏறுங்க."

அம்மா மறுபேச்சுப் பேசாமல் ஏறிப் பின் சீட்டில் சாய்ந்தாள். அப்பாவும் சித்தப்பாவும் முன்னால் மிதிக்க உட்கார்ந்தார்கள். அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நான் போட்ட கூச்சலில், பிய்த்தெடுக்க நேரமில்லாமல் என்னையும் தூக்கி உள்ளே போட்டார்கள்.

அடடா, அந்தச் சவாரி! நேற்றுவரை மாடு மேய்ந்த இடத்தின் மேல் நாங்கள் மிதந்துகொண்டிருந்தோம். கருவேல மரங்களின் உச்சி மட்டும் தெரிந்தது. எதிர்க்கரையில் கூடி நின்றவர்கள் எங்கள் அழகைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக் கையாட்டினேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் கண்ணாடி வளையல் நொறுங்கியது. தண்ணீரைக் கண்டு பயப்படுகிறாள்போல என்று நினைத்து, விழ மாட்டோம்மா என்று தைரியம் சொன்னேன். வியர்த்து வழிந்த முகத்தோடு அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"நல்லாருக்காடி?" என்று கேட்டாள். ரொம்ப நல்லாருக்கு என்றேன்.

கரையில் அம்மாவை வண்டியில் ஏற்றினார்கள். அப்பாவும் ஏறிக்கொண்டார். நானும் வருவேன் என்று அழ வாயெடுத்தேன். சித்தப்பா சட்டென்று என்னைத் தூக்கிப் படகின் முன் சீட்டில் வைத்து, இனி நாம் ரெண்டு பேரும் மட்டும் சுற்றுவோம் என்றார். அழுகை போன இடம் தெரியவில்லை.

அன்று கண்மாயில் நாங்கள் போகாத மூலை இல்லை. கரை நெருங்கும்போதெல்லாம் இன்னொரு ரவுண்டு என்பேன். படகைத் திருப்புவார். என் கால் பெடலுக்கு எட்டாது. இரண்டு பேர் மிதிக்கிற படகை மழையில் நனைந்துகொண்டு அவர் ஒருவரே மிதித்தார். இப்போது நினைத்தால் அந்தக் காலைத் தொட்டுக் கும்பிடத் தோன்றுகிறது. அன்று எனக்கு அவர்மேல் இருந்த குறை, நான் சொல்லும் கதைகளைச் சரியாகக் கேட்காமல், பாலித்தீன் பையில் சுற்றிய போனையே எடுத்து எடுத்துப் பார்க்கிறாரே என்பதுதான்.

சாயங்காலம் போன் அடித்தது. அப்பாவின் குரல் எனக்கே கேட்டது. தம்பி பிறந்திருக்கிறான், தாயும் பிள்ளையும் நல்லா இருக்காக என்றார். சித்தப்பா போனை மடியில் போட்டுவிட்டு, முன்னாலிருந்த கம்பியில் தலையைக் கவிழ்த்துக் குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்தார்.

எனக்குப் பாவமாகப் போய்விட்டது. அளவுக்கு மீறித்தான் ஆசைப்பட்டுவிட்டோம் என்று பட்டது. அவர் முதுகைத் தடவிக் கொடுத்து, பெரிய மனசோடு சொன்னேன்.

"கால் ரொம்ப வலிக்குதா சித்தப்பா? இன்னைக்கு இது போதும். நாளைக்கு ஓட்டுவோம்."