எந்தத் தண்ணி குடிச்ச மாடு?

கறிக்கூடம் எடுத்து நடத்துகிற இளைஞர்கள் இரண்டு பேர் போன வாரம் என்னிடம் வந்து புலம்பினார்கள். ஒரு மாட்டை அறுக்க எத்தனை ஃபாரம், எத்தனை ரிப்போர்ட், எங்கிருந்து வந்தது, யார் விற்றார், இதெல்லாம் எதற்கு என்று கேட்டார்கள். நான் பள்ளிக்கூடம் போகாதவன். ரிஜிஸ்தரில் ஒரு எழுத்துகூட என் கையால் எழுதியதில்லை. இதுவும் நான் சொல்லச் சொல்ல அவர்கள் எழுதிக்கொள்வதுதான். ஆனால் அது எதற்கென்று எனக்குத் தெரியும். மாடு அறுக்கிற அருளப்பன் கத்தியைக் கீழே வைத்த அன்றைக்குத் தெரிந்தது.

அப்போது திருப்பூரில் பனியன் கம்பெனிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒன்றில் வேலை கேட்டுப் போனேன். சைஸ் நம்பர் படிக்கத் தெரியுமா என்றார்கள். தெரியாது என்றேன். திரும்பி வரும் வழியில்தான் மாட்டுத் தொட்டியில் வாசல் கேட்டுக்கு ஆள் வேண்டுமென்று சொன்னார்கள். மாடு அறுக்கிற இடத்தை நாங்கள் தொட்டி என்போம். அதைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் ஒரு ராவுத்தர்.

உள்ளே வருகிற மாட்டுக்கெல்லாம் நான் கேட்கவேண்டியது இரண்டு கேள்வி. யார் விற்றது, எந்த ஊர். பல்லைப் பிடித்துப் பார்த்து வயதையும், நிறத்தையும் கொம்பையும் நானே சொல்லிவிடுவேன். கணக்குப்பிள்ளை எழுதிக்கொள்வார். மாட்டு டாக்டர் காலையில் வந்து பார்த்துச் சரி என்றால்தான் அறுப்பு. மாதம் முடிந்தால் ராவுத்தர் கணக்கை முனிசிபல் ஆபீசுக்கு அனுப்பவேண்டும். நோய் என்று சந்தேகம் வந்தால் மட்டும் அன்றைக்கே சொல்லியாக வேண்டும்.

எங்கள் கேட்டில் யாரும் பேர் சொல்லமாட்டார்கள். சாமளாபுரத்திலிருந்து ஒருவர் கொழுப்பு வாங்க வருவார். தறி நூலுக்கு விறைப்பேற்றும் பாவுக் கஞ்சியில் சேர்க்க என்பார். எந்தத் தறிக்காரருக்கு என்று கேட்டால் சைக்கிளை எடுத்துவிடுவார். மாடு விற்கிறவர்கள் அதற்கு மேல். ஏர் உழுத மாட்டைத் தொட்டிக்குக் கொடுத்தார் என்று ஊரில் தெரிந்தால் தலை நிமிர முடியாது. சந்தையில் தரகரிடம் பிடித்துக் கொடுத்துவிட்டு, கழுத்துக் கயிற்றை மட்டும் அவிழ்த்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார்கள். தரகரைக் கேட்டால் ‘சந்தை மாடுங்க’ என்பார். ரிஜிஸ்தரில் ஊர் என்ற இடத்தில் பக்கம் பக்கமாக ‘சந்தை’தான்.

அருளப்பன் கத்தியை வைத்த அன்றைக்கு முதலில் அறுத்தது ஒரு மயிலைக் காளை. சாம்பல் நிறம், கிழம். டாக்டர் பார்த்தபோது காதை ஆட்டிக்கொண்டு நன்றாகத்தான் நின்றது. வயிற்றைத் திறந்த அருளப்பன் அப்படியே நின்றுவிட்டார். சுவரொட்டி, அதுதான் மண்ணீரல், இருக்கவேண்டிய அளவைவிடப் பெருத்து, கறுத்து இருந்தது. ரத்தம் உறையாமல் தார் மாதிரி ஓடிக்கொண்டே இருந்தது. அவர் கத்தியைக் கீழே வைத்து, சிலுவை போட்டுக்கொண்டு, “ராவுத்தரய்யா, இங்க வாங்க” என்றார்.

கறிக்காக வாசலில் காத்திருந்த கடைக்காரர் எட்டிப் பார்த்தார். “சுவரொட்டிய மட்டும் வீசிப்போட்டுக் கறியக் குடுங்க. யாருக்குத் தெரியப் போவுது?”

“நீ திம்பயா? உன்ற ஊட்டுல ஆக்குவயா?” என்றார் ராவுத்தர். கேட்டைச் சாத்தச் சொல்லிவிட்டு டாக்டருக்கு ஆள் அனுப்பினார்.

டாக்டர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கண்ணாடித் துண்டில் ரத்தம் தொட்டுக்கொண்டு போய், தன் ஆஸ்பத்திரி மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு வந்தார். “அடைப்பானேதான். ஆந்த்ராக்ஸ். இது மனுசனுக்கும் ஒட்டும். எல்லாரும் போயி பென்சிலின் போட்டுக்கிடுங்க. மாட்டைத் தோலோட குழியில போட்டு, மேல சுண்ணாம்பைக் கொட்டுங்க.” பிறகு ரிஜிஸ்தரைத் திறந்தார். “என்னவே இது, ஊருன்னு கேட்டா சந்தைன்னு இருக்கு? இந்நேரம் அந்த ஊருல இன்னொரு மாடு செத்திருக்கும். கறின்னு எவனாவது கத்தி வச்சான்னா என்ன ஆகும்?”

மாட்டைக் கொண்டுவந்த தரகர் செல்லமுத்து எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். கூட்டி வந்தோம்.

“செல்லமுத்து, அந்த மயிலை எந்த ஊருப்பா?” என்றேன்.

“சந்தை மாடுங்கண்ணா.”

“சந்தையா கன்னு போடுது? ஊரச் சொல்லு.”

“மூலனூருங்க.”

டாக்டர் உடனே ஜீப்பில் ஏறப்போனார். செல்லமுத்து தோள் துண்டை எடுத்து முறுக்க ஆரம்பித்தார். வண்டி கிளம்பும்போது குறுக்கே வந்து நின்றார். “அக்கட்டால போவேண்டாமுங்க. நான் சொன்னது பொய்யுங்க.”

“அப்ப எக்கட்டால போறது?” என்றார் ராவுத்தர்.

“கேக்காதீங்கய்யா. யாரு, எந்த ஊருன்னு வாயத் தொறக்க மாட்டேன்னு முருகன் மேல சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கறேன்.”

“மனுசன் சாகற நோவுடா இது. முருகன் சம்மதிப்பாரா?” என்றார் ராவுத்தர்.

செல்லமுத்து துண்டை முறுக்கி முறுக்கி அவிழ்த்தார். கடைசியில் என் பக்கம் திரும்பி, “யாரு வித்தாங்கன்னு கேட்டா என்னத்தச் சொல்றதுங்கண்ணா. எந்தத் தண்ணி குடிச்ச மாடுன்னு கேட்டீங்கன்னா...” என்று இழுத்தார்.

“செரி. எந்தத் தண்ணி குடிச்ச மாடு?”

“அமராவதித் தண்ணிங்க.”

“கணியூருக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?”

“இந்தப் பக்கமுங்க. வாய்க்கா மேட்டுல ஒத்தப் பனை நிக்கும். அதுக்குக் கீழ எறங்குனீங்கன்னா மாட்டுக்குத் தண்ணி காட்டற எடம்.”

டாக்டருக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. “ஊரைச் சொல்லல, வாசல்ல கொண்டாந்து விட்டுட்டீரே!”

“சத்தியம் கெடலீங்களே?” என்று செல்லமுத்து என்னைக் கேட்டார். கெடவில்லை என்றேன்.

மாடு பிடிக்க ஆள் வேண்டுமென்று டாக்டர் என்னையும் ஏற்றிக்கொண்டார். ஒற்றைப் பனை தெரிந்தது. அதற்குக் கீழே ஒரு செவலைக் கிடாரி செத்துக் கிடந்தது. காலில் கயிறு கட்டி இழுத்து வந்திருந்தார்கள். நாலைந்து பேர் சுற்றி நின்றார்கள். ஒருவர் கல்லில் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். நான் ஓடும் ஜீப்பிலிருந்தே கத்தினேன், “கத்தி வெக்காதீங்க, கத்தி வெக்காதீங்க!” அந்தக் கத்தி கிடாரியைத் தொடவில்லை. அதையும் தோலோடு குழியில் போட்டுச் சுண்ணாம்பைக் கொட்டினோம்.

டாக்டர் யார் பேரையும் எடுக்கவில்லை. சுத்துப்பட்டில் நோய் நடமாட்டம், எல்லா மாட்டுக்கும் ஊசி என்று மட்டும் சொன்னார். ஊரே மாடுகளை ஓட்டி வந்தது. எல்லோரும் காளைகளை ஜோடியாகப் பிடித்து வந்தார்கள். ஒருவர் மட்டும் ஒற்றைக் காளையோடு வந்தார். அதுவும் மயிலை. அவர் தோளில் வெறும் கயிறு ஒன்று தொங்கியது. நான் ஒன்றும் கேட்கவில்லை. ஊசி போட்டு முடித்து மற்றவர்கள் நகர்ந்த பிறகு அவர் பக்கத்தில் வந்தார்.

“தொட்டியிலருந்து வந்தீங்களாட்ட இருக்குது?”

“ஆமாங்க.”

காளையின் முதுகைத் தடவிக்கொடுத்தார். “ஒரு மயிலைக் காளை... அது கறிக்குப் போயிருச்சுங்களா?”

“இல்லீங்க. குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டுப் பொதைச்சாச்சுங்க.”

“தோலோடயா?”

“தோலோடதானுங்க.”

அவர் கயிற்றைத் தோளிலிருந்து எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். துண்டு என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. பிறகு, “மோர் குடிச்சுட்டுப் போலாம் வாங்க” என்றார்.

அந்த ஊரில் அதற்குப் பிறகு மாடும் சாகவில்லை, மனிதருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அருளப்பனுக்கும் எங்களுக்கும் ஊசி போட்ட இடத்தில் வலித்ததோடு சரி. தொட்டியைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, டாக்டர் வந்து பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் ராவுத்தர் திறந்தார். திறந்த அன்றைக்கே என் கேள்வியை ‘எந்தத் தண்ணி’ என்று மாற்றிக்கொண்டேன். ஃபாரத்தில் என்ன அச்சடித்திருந்தாலும், பதில் சொல்கிறவர் தலை குனியாமல் சொல்லும்படி கேட்கவேண்டும். இல்லாவிட்டால் ரிஜிஸ்தர் நிறையும், ஊர் வராது. நான் கற்றுக்கொண்டது அவ்வளவுதான். அந்த ஊர்ப் பேரைக் கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். செல்லமுத்துவின் சத்தியம் எனக்கும் சேர்த்துத்தான்.

அதன் பிறகு கணக்குப்பிள்ளை ‘சந்தை’ என்று எழுதவே இல்லை. செல்லமுத்து மாடு ஓட்டி வரும்போது, நான் வாய் திறப்பதற்கு முன்பே ரோட்டிலிருந்து குரல் வரும்:

“நொய்யல் தண்ணிங்கண்ணா, எழுதிக்குங்க!”