மலையைப் படம் எடுக்கப் போனது

வெள்ளிக்கிழமை விடியற்காலை. கொழும்புப் புறக்கோட்டையில் இரத்தினபுரி பஸ்ஸில் ஏறும்போது இன்னும் வெளிச்சம் வரவில்லை. மடியில் கமராப் பை, காலடியில் மூன்றுகால் தாங்கி. கமரா என் மகள் மெல்பேர்னுக்குப் போகும்போது விட்டுப்போன பழைய டி.எஸ்.எல்.ஆர். புதிதாகப் பழகுகிறவர்கள் வாங்கும் மலிவான வகை. எழுபத்து நான்கு வயதில் ஒரு வருஷமாக அதனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். செம்பரத்தம்பூ நன்றாக வருகிறது. முகங்கள் ஓரளவு வருகின்றன. நிலக்காட்சி மட்டும் வருவதில்லை. ஒன்று முன்பக்கம் மங்கும், இல்லையென்றால் பின்பக்கம் மங்கும்.

இந்த நிலையில்தான் கஹவத்தையிலிருந்து மதினியின் அழைப்பு வந்தது. பாக்கியம் மதினி என் காலஞ்சென்ற அண்ணனின் மனைவி.

“தம்பி, சனிக்கிழமை காலையில மண்ணு தோண்டுற பெக்கோ வருதாம். தேயிலைய எல்லாம் புடுங்கிட்டுக் கறுவா நடப் போறாங்க. அதுக்கு முன்னால நம்ம மலைய ஒரு படம் எடுத்துக் குடுங்களேன். செவுத்துல மாட்டுற மாதிரி, பெருசா.”

ஞாயிற்றுக்கிழமை அவர் தோட்டத்தை விட்டுப் போகிறார். வரக்காப்பொலையில் மருமகனுக்குக் கடை இருக்கிறது. கடைக்கு மேல்மாடியில் மதினிக்கு ஓர் அறை ஒதுக்கியிருக்கிறார்கள். “சன்னலத் தொறந்தா பக்கத்துக் கடைச் செவுருதான் தெரியுது தம்பி” என்றார். அதனால்தான் அந்தப் படம்.

அவிசாவளை தாண்டியதும் காற்றின் மணம் மாறியது. இரத்தினபுரியில் இறங்கிக் கால்களை நீட்டிக்கொண்டு, மீன் அடைத்த ஒரு மாலுபாணும் தேநீரும் வாங்கிச் சாப்பிட்டேன். அடுத்த பஸ்ஸில் பெல்மதுளை, சுமார் இருபது கிலோமீற்றர். அங்கிருந்து கஹவத்தை இன்னும் பத்து. சாலையின் இருபுறமும் இறப்பர் மரங்கள், பால் வடியும் சிரட்டைகளோடு. எங்கோ புகைக்கூடத்தில் இறப்பர் ஷீட் காய்ந்துகொண்டிருந்தது. அந்தப் புளித்த புகை மணம் மூக்கில் ஏறியதும் எனக்குப் பத்து வயது ஆகிவிட்டது. இதே மாதிரி இறப்பர் மரங்களுக்கிடையேதான் அண்ணனும் நானும் பள்ளிக்கூடம் போவோம். மழைக்காலத்தில் அட்டை கடிக்காமலிருக்க அம்மா எங்கள் கால்களில் சவர்க்காரத்தைத் தேய்த்து அனுப்புவார். வழியில் கால் நனைந்தால் நுரை வரும். அண்ணன் வேண்டுமென்றே தண்ணீரில் மிதித்து நுரையோடு நடப்பான்.

கஹவத்தைச் சந்தியில் ஒரு முச்சக்கர வண்டியைப் பேசினேன். தோட்டம் வரை ஏழு கிலோமீற்றர், ஆயிரத்து இருநூறு ரூபா. ஓட்டுநர் ரவி, நாற்பது வயதைத் தாண்டியவர், கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார்.

“ஐயா யாரு வீட்டுக்குங்க?”

“ரெண்டாம் லயத்துப் பாக்கியம் வீட்டுக்கு. அவங்க புருஷனோட தம்பி நான்.”

“அட, நம்ம தோட்டத்து ஆளா! பேச்சு கொழும்புப் பேச்சா இருக்குதுங்களே. கெமராவப் பாத்துட்டு யூடியூப்காரர்னு நெனச்சேன். நேத்துகூட ஒருத்தன் வந்து ‘தொழிலாளி வீட்டுல என்ன சாப்பிடுறீங்க’ன்னு கேட்டான். எங்க பாக்கியம் பெரியம்மா ‘மனுசன் திங்கிறதத்தான்’னு சொல்லிட்டாங்க.”

நானும் சிரித்தேன். ஆனால் “கொழும்புப் பேச்சு” என்றது கொஞ்சம் உறுத்தியது.

வெள்ளிக்கிழமை மாலை. மதியம் பெய்த மழை மூன்று மணிக்கு விட்டது. மதினி ஒரு கையில் குடையை ஊன்றிக்கொண்டு, வலிக்கும் முழங்காலோடு, தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்கு மேலே உள்ள வண்டிப்பாதைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். கீழே தேயிலைச் சரிவு. அதற்கப்பால் ஓடை, காடு, மடிப்பு மடிப்பாகக் குன்றுகள். வடக்கே, மழை கழுவிய வானத்தில், சிவனொளிபாத மலையின் கூம்பு கத்தரித்து ஒட்டியதுபோல நின்றது.

மதினி மோவாயால் அந்தப் பக்கம் காட்டினார். “அந்தா பாருங்க, என்னமாத் தெரியுது. இப்பவே எடுத்துருங்க. மூடிக்கிச்சுன்னா போச்சு.”

நான் லென்ஸை முழுதாக இழுத்து மலையைப் பெரிதாக்கினேன். ஃபோகஸ் புள்ளியை அந்தக் கூம்பின் மேல் வைத்தேன். கமரா ‘பீப்’ என்றது. இருபது படங்கள் எடுத்திருப்பேன். சின்னத் திரையில் காட்டியபோது மதினி மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார்.

“நல்ல வெளிச்சமா இருக்கு தம்பி. பெருசாக்குனா எல்லாம் தெரியுமில்ல?”

“தெரியும் மதினி.”

லயத்துக்குத் திரும்பியதும் ஒரு படத்தைக் கைப்பேசிக்கு மாற்றி மகளுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள்.

“அப்பா, பெருசாக்கிப் பாத்தீங்களா? மலை கத்தி மாதிரி இருக்கு. ஆனா முன்னால இருக்கிற தேயிலை எல்லாம் பாசி புடிச்ச மாதிரிக் கெடக்கு.”

“மலைதானேம்மா வேணும்.”

“அப்ப லென்ஸை ஏன் அவ்வளவு இழுத்தீங்க? கிட்டயும் தெரியணும் தூரமும் தெரியணும்னா லென்ஸை உள்ள தள்ளுங்க, இருபத்து நாலுல வைங்க. எஃப் பதினொன்று. மலையில ஃபோகஸ் வைக்காதீங்க. உங்களுக்கு முன்னால பத்தடி தூரத்துல இருக்கிற எதுலயாவது வைங்க. அப்ப அஞ்சடியில இருந்து மலை வரைக்கும் எல்லாமே தெளிவா இருக்கும்.”

“பத்தடியில வெச்சா இருபத்தஞ்சு கிலோமீற்றர் தூரத்து மலை எப்படித் தெளியும்?”

“அதுதான்பா கணக்கு. தூரத்துல வெச்சா கிட்ட இருக்கிறது போயிடும். கிட்ட வெச்சா தூரம் தானா வரும். போன வருஷமும் இதையேதான் சொன்னேன். நீங்கதான் கேக்கல.”

எனக்கு அலுப்பாக இருந்தது. மலை நன்றாக விழுந்திருக்கிறது, அது போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

சாப்பிட உட்கார்ந்தபோது மதினி ரொட்டியையும் கட்டச்சம்பலையும் தட்டில் வைத்துக்கொண்டே கேட்டார்: “தம்பி, ஏழாம் நம்பர் மலை முழுசா வந்திருக்கா? அந்தப் பெரிய கல்லுக்குப் பக்கத்துலதான் என் நெர. அது தெரியுதா?”

ரொட்டியைப் பிய்த்த கை நின்றுவிட்டது.

இந்தப் பக்கத்துத் தோட்டங்களைத் தெரியாத வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். இங்கே மலை என்றால் வானத்தில் தெரிகிற மலை அல்ல. தேயிலை நட்டிருக்கும் நிலப்பகுதிதான் மலை. ஒவ்வொரு மலைக்கும் ஒரு நம்பர். கொழுந்து பறிக்கப் போவதை ‘மலைக்குப் போறது’ என்பார்கள். மலைக்குள் ஒவ்வொருத்திக்கும் பறிக்கக் கொடுத்த வரிசை அவளுடைய நிரை. பேச்சில் ‘நெர’. என் அம்மா தினமும் விடியலில் ‘மலைக்குப் போயிட்டு வாறேன்’ என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அந்தச் சொல்லில்தான் நான் வளர்ந்தேன்.

அதை மறந்துவிட்டேன் என்று சொன்னால் பாதிதான் உண்மை. நானே அதைத் துடைத்தேன். கொழும்பில் முப்பது ஆண்டுகள் புவியியல் ஆசிரியராக இருந்தேன். தோட்டத்திலிருந்து வந்து உறவினர் வீட்டில் தங்கிப் படித்த ஒரு மாணவி, ‘எங்கள் அம்மா நான்காம் நம்பர் மலையில் வேலை செய்கிறார்’ என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையால் ‘மலை’யை அடித்துத் ‘தோட்டம்’ என்று திருத்தி, வகுப்பில் உரக்கச் சொன்னேன். வகுப்பு சிரித்தது. அவள் என்னைப் பார்த்தாள். நானும் அதே மாதிரி ஓர் அம்மாவின் பிள்ளை என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் பிறந்த ஊர் இரத்தினபுரி என்றுதான் எல்லோரிடமும் சொல்லிவந்தேன். அது பொய் இல்லை என்பதுதான் அதன் வசதி.

“தெரியுதா தம்பி?” என்றார் மதினி மறுபடியும்.

“தெரியுது மதினி” என்றேன்.

இது அன்றைக்குச் சொன்ன பொய். கைப்பேசியில் பெருசாக்கிப் பார்த்தேன். கல் ஒரு சாம்பல் கறை. அதைச் சுற்றிப் பச்சைப் பாசி.

சனிக்கிழமை விடியல். மதினி அடுப்பில் பிளேன்டீ வைத்துக்கொண்டிருந்தார். வெளியே பனிமூட்டம், எதிர் லயம்கூடத் தெரியவில்லை. நான் சமையலறை வாசலில் நின்றேன்.

“மதினி, நேத்துப் பொய் சொல்லிட்டேன். படத்துல உங்க நெர தெரியல. நான் எடுத்தது அந்தப் பெரிய மலைய. சாமி மலைய.”

அவர் கோப்பையை நீட்டிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“அந்த மலையத்தான் கலண்டர்ல போட்டுக் கடைக்குக் கடை தொங்க விட்டிருக்கானே. அதுக்கு நீங்க கொழும்புல இருந்து வரணுமா?”

“நம்ம மலைன்னா என்னன்னு எனக்கு மறந்துபோச்சு.”

“மறந்துபோச்சாம்ல! லயத்துல பொறந்தவருக்கு. உங்க அண்ணன் இருந்திருந்தா கவ்வாத்துக் கத்தியால முதுகுலயே தட்டியிருப்பாரு.” சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். “சரி, படம் மங்கலுன்னா மறுபடி எடுங்க. மூஞ்சிய ஏன் மங்கலா வச்சிருக்கீங்க? டீயக் குடிங்க. பெக்கோக்காரன் வந்துருவான்.”

நாங்கள் பாதைக்குப் போனபோது அவன் வந்துவிட்டிருந்தான். மஞ்சள் இயந்திரம் சரிவின் தலைப்பில், முதல் வரிசைச் செடிகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு உறுமிக்கொண்டு நின்றது. வேர்களோடு செம்மண் கிடந்தது. மதினி குடையைத் தூக்கி அசைத்தார்.

“புத்தே, டிக்கக் இன்ன! அப்பே மலே பொட்டோ எக்கக் கன்னவா!” கொஞ்சம் இரு மகனே, எங்கள் மலையை ஒரு படம் எடுக்கிறோம் என்று சிங்களத்தில் கத்தினார். சிங்களத்துக்கு நடுவிலும் மலை மலையாகவே இருந்தது.

ஓட்டுநர் எஞ்சினை நிறுத்தித் தலையை வெளியே நீட்டினான். “ஹரி அம்மே. மாவத் கன்னக்கோ!” என்னையும் எடுங்களேன் என்றான்.

“உன்ன எடுத்து யாரு மாட்டுறது?” என்று தமிழில் முணுமுணுத்துக்கொண்டே மதினி அவனைப் பார்த்துக் கையாட்டினார்.

தாங்கியை ஈர மண்ணில் ஊன்றினேன். லென்ஸை உள்ளே தள்ளி இருபத்து நான்கில் வைத்தேன். எஃப் பதினொன்று. பெரிய கல் கீழே கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் பனிமூட்டத்தில் எல்லாம் ஒரே மங்கல் பச்சை. ஃபோகஸ் பிடிக்க எதுவும் கிடைக்காமல் லென்ஸ் முன்னும் பின்னும் கிர் கிர் என்று ஓடியது.

“மதினி, ஒரு உதவி. அந்தச் செடிக்குப் பக்கத்துல போய் அது மேல கைய வைங்க. கையப் பாத்து ஃபோகஸ் வைக்கணும்.”

“நான் நின்னா மலைய மறைப்பேனே.”

“ஓரமா நில்லுங்க. கை மட்டும் போதும்.”

அவர் சரிவில் பத்தடி இறங்கினார். கொழுந்து மட்டத்தின் மேல் உள்ளங்கையைக் கவிழ்த்து வைத்தார். வேலையை விட்டுப் பல வருஷம் ஆகியும் கட்டைவிரலிலும் ஆட்காட்டிவிரலிலும் கொழுந்துக் கறையின் கறுப்புக் கோடுகள் போகவில்லை. திரையில் கையைப் பத்து மடங்கு பெரிதாக்கி, ஃபோகஸ் வளையத்தை மெல்லத் திருகினேன். கோடுகள் கரைந்தன, இரண்டாகின, பிறகு ஒன்றாகி நின்றன. ஃபோகஸ் நகராதபடி பூட்டினேன். சரிபார்க்க ஒரு தடவை அழுத்தினேன்.

“கைய எடுத்துரட்டா?”

“எடுங்க மதினி. தள்ளி நில்லுங்க.”

கையை எடுக்கும் முன் அவர் பழக்கத்தில் இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளினார். போடக் கூடை இல்லாததால் சேலை முந்தியில் முடிந்துகொண்டார். அப்போது ஓடைப் பக்கம் பனி விலகி, வடக்கே வானமும் திறந்தது. மறுபடி அழுத்தினேன். மீண்டும் மீண்டும் அழுத்தினேன். பிறகு பெரிதாக்கிப் பார்த்தேன். முன் செடியில் இலை நரம்பு தெரிந்தது. கல் தெரிந்தது, கல்லின் மேல் பாசி தெரிந்தது. அதன் பக்கத்தில் மதினியின் நிரை ஓடைவரை இறங்கிப் போனது. ஓரத்தில், பிடுங்கிய செம்மண் கொஞ்சம் விழுந்திருந்தது. எல்லாவற்றுக்கும் பின்னால், நகத்தளவில், சாமி மலை.

“செம்மண் விழுந்துட்டுது மதினி. வெட்டிரவா?”

“இருக்கட்டும். அதுவும் நம்ம மண்ணுதான?”

அவர் ஓட்டுநரைப் பார்த்துத் தலையசைத்தார். இயந்திரம் உறுமியது. நாங்கள் நின்று பார்க்கவில்லை.

சனிக்கிழமை மதியம். ரவியின் வண்டியிலேயே பெல்மதுளை போனோம். சந்திக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூடியோவில் பன்னிரண்டுக்குப் பதினெட்டு அங்குலத்தில் இரண்டு படங்கள் அச்சிட்டுக் கொடுத்தார்கள். ஒன்று வெறும் மலை. மற்றது நான் சரிபார்க்க அழுத்தியது. அதில் மலையின் ஓரத்தில் மதினியின் கை இருந்தது. எனக்கு அதுதான் பிடித்திருந்தது. கடைக்காரருக்கும் அதுதான் பிடித்தது.

“அம்மா, கை உள்ளதக் கொண்டு போங்க. ரொம்ப அழகா வந்திருக்கு” என்றார் அவர்.

மதினி இரண்டையும் மேசையில் வைத்து நேரம் எடுத்துப் பார்த்தார். கல்லைத் தொட்டார். அங்கிருந்து நிரையின் மேல் விரலை ஓட்டிக் கீழே ஓடைவரை கொண்டுபோனார். பிறகு கை இல்லாத படத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“இது போதும். மலைதான் இனி இல்ல. கை எங்கிட்ட இருக்கே.”

மற்றதை நான் சுருட்டி எடுத்துக்கொண்டேன். பஸ்ஸில் ஏறியபோது அவர் சன்னலுக்குக் கீழே நின்று, வரக்காப்பொலைக்கு வந்து சுவரில் ஆணி அடித்துத் தரவேண்டும், மருமகன் அடித்தால் கோணலாகிவிடும் என்றார். வருவதாகச் சொன்னேன். இது பொய் ஆகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கொழும்பில் என் வீட்டுக் கூடத்தில் அந்தப் படம் இப்போது தொங்குகிறது. வருகிறவர்கள் முதலில் கையைத்தான் பார்க்கிறார்கள். யாருடையது என்று கேட்கிறார்கள். என் மதினியுடையது என்கிறேன். இது எந்த இடம் என்கிறார்கள். ஏழாம் நம்பர் மலை, என் அம்மாவும் இங்கேதான் கொழுந்து பறித்தார் என்கிறேன். அவர்கள் படத்தின் மேற்பக்கத்தில் மலையைத் தேடுகிறார்கள். நான் கீழே காட்டுகிறேன்.