மூன்று ஊர் சாக்கேயும் அக்காவின் மூக்கும்

பெங்களூரை அடுத்த அத்திபெலே பக்கம் ஒரு ஜப்பானியத் தொழிற்சாலையில் நான் மொழிபெயர்ப்பாளர். அங்கிருந்த ஜப்பானிய மேலாளர் எதைக் கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டுவார். விடுமுறைக்கு ஊர் போய்த் திரும்பியவர், ஒரு மே மாதச் சனிக்கிழமை என் மேசைக்கு வந்தார்.

"மூன்று ஊர் சாக்கே கொண்டுவந்திருக்கிறேன். தனியாகக் குடித்தால் ருசிக்காது."

சாக்கே என்பது அரிசியைப் புளிக்கவைத்துச் செய்யும் மது. மறுநாள் மதியம் பிரேசர் டவுனில் எங்கள் வீட்டுக்கு வரச் சொன்னேன்.

என் அக்கா பள்ளியில் வேதியியல் எடுப்பவள். குடி என்றாலே ஆகாது. ஆனாலும் விருந்தாளிக்காகக் கறி வறுத்து, முலாம்பழமும் நறுக்கி வைத்தாள். வெயில் தாங்கவில்லை. குண்டானில் ஐஸைக் கொட்டி பாட்டில்களை நிறுத்தினோம்.

முதலில் நீகாதா ஊருடையது. குடித்துவிட்டு, "நன்றாக இருக்கிறது" என்றேன்.

"அது மரியாதை. ருசியைச் சொல்லுங்கள்."

எந்திர பாகம் ஒவ்வொன்றுக்கும் ஜப்பானியச் சொல் தெரிந்த நான் திணறினேன்.

அக்கா எட்டிப் பார்த்தாள். "என்னடா கேக்குறாரு?"

"ருசி எப்படின்னு."

"குடு, மோந்து பாத்துச் சொல்றேன்." ஆய்வகத்தில் செய்வதுபோல் கையால் விசிறி முகர்ந்தாள். "பானைத் தண்ணி மாதிரி சுத்தமா இருக்குடா."

நான் சொன்னதும் அவர் தொடையில் தட்டினார். "அந்த ஊர் பெருமையே அதுதான்!"

அடுத்தது ஹிரோஷிமா. அக்கா முகர்ந்ததும் சொன்னாள், "இதோ, தட்டுல இருக்கே முலாம்பழம், அதே வாசனை." அவர் ஒரு துண்டைக் கடித்து, ஒரு மிடறு குடித்து, கண்ணை மூடிக்கொண்டார்.

கடைசியாக அக்கித்தா, அவருடைய சொந்த ஊர். அக்கா நெடுநேரம் முகர்ந்தாள். "பசியோட வீட்டுக்கு வர்றோம், அப்ப சோத்துப் பானை மூடியத் தொறந்தா ஒரு ஆவி வருமே, அதுடா."

மெதுவாக மொழிபெயர்த்தேன். அவர் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு பேச ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை: கூரை வரை குவியும் பனி, அடுப்படியில் அம்மா, ஈரக் கையுறையைக் கழற்றிவிட்டு அவளிடம் ஓடிய பிள்ளைகள். விடாமல் மொழிபெயர்த்து எனக்குத் தொண்டை வறண்டது.

"இவ்ளோ சொல்லிட்டேன், ஒரு சொட்டு நாக்குல வெச்சா மாதா கோச்சுக்கவா போறாங்க?" என்று அக்கா சுவரிலிருந்த மாதா படத்தைப் பார்த்தபடி விரலை நனைத்து நக்கினாள். முகம் அஷ்டகோணலானது. "ஐயோ, வாசனையே போதும்பா!"

அவர் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் முதலில் பார்த்தேன். அதன்பின் அவருக்கும் அவள் அக்காதான்.