புரட்டாசி ஐந்தில் போட்ட வட்டம்

எனக்குச் சந்தேகம் பிறவிக் குணம். பால்காரர் ஊற்றி முடித்ததும் விரலை விட்டுப் பார்ப்பேன். தபால்காரர் சிரித்தால் ஏன் சிரிக்கிறார் என்று யோசிப்பேன். மட்டாஞ்சேரியில் எங்கள் தெருக்காரர்கள் என் கணவரைப் பாவம் மனுஷன் என்பார்கள். என்னை என்ன சொன்னார்கள் என்பதும் தெரியும், இங்கே எழுதமாட்டேன். இப்பேர்ப்பட்ட நான்தான் எழுபதுகளின் கடைசியில் ஒரு புரோநோட்டு வழக்கில் எங்கள் கிரைண்டரைப் பறிகொடுத்தேன்.

அது கோயம்புத்தூரிலிருந்து வந்த கிரைண்டர். அதில் தோசை மாவு அரைத்து நாலைந்து சாயாக்கடைகளுக்கும் அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் கொடுப்பதுதான் எங்கள் பிழைப்பு. அதை வாங்குவதற்காக என் கணவர் வட்டிக்காரர் ஒருவரிடம் இரண்டாயிரம் ரூபாய் வாங்கிப் புரோநோட்டு எழுதிக் கொடுத்திருந்தார். ஒன்றரை வருடத்தில் வட்டியும் முதலுமாக அடைத்துவிட்டோம். கடைசித் தவணை அன்று நோட்டைத் திருப்பிக் கேட்டபோது, "பெட்டிச் சாவி எறணாகுளத்துல தம்பி கையில இருக்கு. வந்ததும் கிழிச்சுக் களையறேன்" என்றாராம் அந்த ஆள். இவரும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். ரசீதும் வாங்கவில்லை. அன்று நான் போட்ட சத்தத்தில் மாவு வாங்க வந்த அம்மாள் பாத்திரத்தோடு திரும்பிப் போய்விட்டாள்.

நான் பயந்தபடியே ஆறு மாதத்தில் வட்டிக்காரருடைய வசூல்காரர் வந்து நின்றார். கக்கத்தில் தோல் பை, வாயெல்லாம் பல். நோட்டை எடுத்து, என் கைக்கு எட்டாத தூரத்தில் பிடித்துக் காட்டினார். "முதல் அப்படியே நிக்குது சேச்சி." மலையாளத்தில் எழுதிய பத்திரம். மேலே கன்னி மாதம் ஐந்தாம் தேதி என்று இருந்தது. அதை மனதில் குறித்துக்கொண்டேன்.

அடுத்த வீட்டில் ஒரு வக்கீல் குமாஸ்தா குடியிருந்தார். அவரிடம் கேட்டேன். அவர் பேச்சில் வருடம் கொல்லம், காகிதம் கடலாசு, கையெழுத்து ஒப்பு.

"மூணு கொல்லம் கழிஞ்சா அது வெறும் கடலாசு அம்மா. அதுக்குள்ள அவங்க கேஸ் கொடுக்கணும். இல்லேன்னா வட்டியில அஞ்சோ பத்தோ வாங்கினதா நோட்டுக்குப் பின்னாடி எழுதி ஒரு ஒப்பு வாங்கணும். வாங்கிட்டா இன்னும் மூணு கொல்லத்துக்கு உயிர் வந்துரும். தேதி கழிஞ்ச பிறகு நூறு ஒப்பு போட்டாலும் ஒண்ணுமில்ல."

இந்தக் குமாஸ்தாவும் வட்டிக்காரரும் ஒரே படகில் எறணாகுளம் போவதை நான் பார்த்திருக்கிறேன். அதனால் வேறொரு குமாஸ்தாவைத் தேடிப் போய் அவரிடமும் கேட்டேன். அவரும் அதையேதான் சொன்னார்.

எங்கள் வீட்டில் எறணாகுளம் பிராட்வேயில் ஒரு தமிழ்க் கடைக்காரர் கொடுக்கும் தமிழ்க் காலண்டர்தான் தொங்கும். இவர்களுடைய கன்னி நமக்குப் புரட்டாசி. மூன்றாவது வருடக் காலண்டர் வந்த அன்றே புரட்டாசி ஐந்தைச் சுற்றிச் சிவப்பு மையால் வட்டம் போட்டுவைத்தேன்.

வசூல்காரர் மாதம் தவறாமல் வந்தார். காலண்டருக்கு எதிரே இருந்த ஸ்டூலில்தான் உட்காருவார். "வெறும் அஞ்சு ரூபா சேச்சி. பின்னாடி சேட்டன் ஒரு ஒப்பு போட்டா மதி, போதும்." என் கணவருக்கு உடனே மனசு இளகும். "போகட்டும், அந்த ஆள் வெயில்ல வந்திருக்கார்" என்பார். வீட்டிலிருந்த ஒரே பேனாவை நான் அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்தேன். இவர் கடைத்தெருவுக்குப் போய்த் திரும்பினால் விரலில் மை இருக்கிறதா என்று பார்ப்பேன். எட்டு மாதம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்தேன்.

புரட்டாசி ஐந்து வந்தது. அன்று யாரும் வரவில்லை. மறுநாள் காலையில் வசூல்காரர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். "முதலாளி என்னை வேலையிலேர்ந்து பறஞ்சு விட்ருவார் சேச்சி. ஒரு அஞ்சு ரூபா..."

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. தேதி கழிந்துவிட்டதே! செல்லாத காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஏமாந்து போகட்டும். அரிசிப் பானையிலிருந்து பேனாவை நானே எடுத்து வந்தேன். ஐந்து ரூபாயையும் நானே வைத்தேன். என் கணவர் தயங்கினார்.

"வேணாம்னு நீதானே சொன்னே?"

"இப்ப நான்தானே சொல்றேன். போடுங்க. நல்லாப் பெரிசா போடுங்க."

போட்டார். வசூல்காரர் ஊதி மையைக் காயவைத்து, அன்றைய தேதியைத் தன் கையால் எழுதிக்கொண்டு போனார். நான் சாயாகூடக் கொடுத்தேன்.

ஒரு மாதத்தில் முன்சீப் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது. எங்கள் வக்கீல் இரண்டு தேதிகளையும் பார்த்துவிட்டுக் கையைப் பிசைந்தார். அந்த வருடம் கன்னி பிறந்தது புரட்டாசி பிறந்ததற்கு மறுநாள். நாங்கள் கையெழுத்துப் போட்ட நாள்தான் அவர்களுக்குக் கன்னி ஐந்து, நோட்டின் கடைசி நாள். சில வருடம் நாங்கள் வருஷப் பிறப்புக் கொண்டாடி முடித்த மறுநாள் பக்கத்து வீடுகளில் விஷு வருவதைப் பார்த்தே வளர்ந்தவள் நான். அன்று அது ஏன் உறைக்கவில்லையோ தெரியவில்லை.

அந்த வசூல்காரர் எட்டு மாதம் என் வட்டத்தைப் பார்த்துக்கொண்டே சாயா குடித்திருக்கிறார். முந்தின நாள் வந்திருந்தால் நான் விரட்டியிருப்பேன் என்பது அவருக்குத் தெரியும்.

கையெழுத்து தன்னுடையதே இல்லை என்று சொல்லச் சொன்னார் வக்கீல். என் கணவர் கூண்டில் ஏறி, "என்னோட ஒப்புதான்" என்றார். முழுக் கடனும் அடைத்தவர் எதற்காக வட்டி என்று ஐந்து ரூபாய் கொடுத்தீர்கள் என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார். வாசலில் நின்றிருந்த என்னை இவர் ஒருமுறை பார்த்தார். பிறகு, "எனக்குத் தோணுச்சு, கொடுத்தேன்" என்றார்.

தீர்ப்பு அவர்கள் பக்கம். கோர்ட் ஆமீன் ஆள்களோடு வந்து கிரைண்டரைக் கைவண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். என் கணவர் ஒரு கை பிடித்து ஏற்றிவிட்டார்.

நீதானே போடச் சொன்னாய் என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாகச் சண்டை போட்டு மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். அடுத்த ஜனவரியில் தமிழ்க் காலண்டரோடு ஒரு மலையாளக் காலண்டரும் வாங்கி வந்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். உயிரோடு இருந்தவரை வருடா வருடம் மாட்டினார். என்னைக் குத்திக்காட்டத்தான் மாட்டுகிறாரோ என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. கேட்கத்தான் தைரியம் வரவில்லை.